அமாவாசையன்று ஆள் இல்லை

சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைச் சந்துகளிலும் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்து வந்தவர் வேலாயுதம். 1949 முதல் 1961 வரை அதுதான் அவர் வேலை. அந்த வேலையில் எல்லோரும் செய்கிற ஒன்றை அவர் மட்டும் செய்யமாட்டார். கதவு பூட்டியிருந்தால், நாயை அவிழ்த்துவிட்டிருந்தால், மீட்டர் மேல் யாராவது அரிசி மூட்டை அடுக்கியிருந்தால், மற்றவர்கள் போன மாத எண்ணோடு கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். வேலாயுதம் கட்டத்தைக் காலியாக விடுவார். பக்கத்தில் ‘பூட்டு’, ‘நாய்’, ‘அரிசி’ என்று எழுதிவைப்பார்.

அலுவலகத்துக்கு இது தீராத தொல்லை. காலிக் கட்டம் இருக்கிற தாளை மேலே அனுப்பினால் அப்படியே கீழே திரும்பி வரும்.

“ஏன்யா, ஒரு நம்பர் போட்டா கை ஒடிஞ்சிடுமா?” என்று மண்டோர், அதாவது மேஸ்திரி, மாதம் ஒருமுறை கத்துவார்.

“பாக்காததை எப்படிங்க எழுதுறது?”

“எல்லாரும் எழுதுறான்லா!”

“அவங்களுக்குப் பூட்டுக்குள்ள பாக்கத் தெரியுது போல. எனக்குத் தெரியலீங்க.”

பன்னிரண்டு ஆண்டு இந்தச் சண்டை நடந்தது. 1961இல் மழை பொய்த்து ஊரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது மண்டோருக்கு ஒரு வழி பிறந்தது. தீவின் வடக்கே, ஜொகூர் பாலத்துக்கு மேற்கே, சுங்கை ரம்பாய் என்ற சின்ன ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது. ஆற்று வாயைக் கரை போட்டு அடைத்துக் கடலை வெளியே நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கிற உப்புத் தண்ணீரை மழை கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிடுமா, அது குடிக்கிற ஏரியாக மாறுமா என்பது கேள்வி. மண்ணைத் தோண்டிப் பார்க்க ஓர் அணி, உப்பைச் சோதிக்க ஓர் அணி. கடல் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்க்க ஓர் ஆள். கரையின் உயரத்தை அந்த ஓர் ஆளின் அளவை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

“அங்க பூட்டும் கிடையாது, நாயும் கிடையாது. ஒரே ஒரு கம்பம். போய் ஆசை தீரப் பாரு,” என்று மண்டோர் அனுப்பிவைத்தார்.

உட்லண்ட்ஸ் கிராமத்தைத் தாண்டிச் செம்மண் பாதையில் இரண்டு மைல் நடந்தால் அந்த இடம். பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட குடிசை. எதிரே தண்ணீரில் நட்டுவைத்த, அடியும் அங்குலமும் வெள்ளையில் எழுதிய பதினான்கு அடிக் கம்பம். கடல் ஒரு நாளில் இரண்டு தரம் ஏறும், இரண்டு தரம் வற்றும். ஒவ்வொரு தரமும் உச்சியில் எவ்வளவு, அடியில் எவ்வளவு என்று வேலாயுதம் பென்சிலால் நோட்டில் எழுதவேண்டும். முதல் மாதம் மிக உயர்ந்த அளவு பத்தடி இரண்டு அங்குலம். அதை வைத்து, பதினோரு அடி உயரத்தில் அவர் நின்று பார்க்க ஒரு பலகை மேடை கட்டிக்கொடுத்தார்கள்.

முதல் நாளே எழுந்த சிக்கல் விடுமுறை. கடலுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது என்று வேலாயுதமே மண்டோரிடம் சொன்னார். ஞாயிறு எல்லாம் வேலை செய்கிறேன், பதிலுக்கு அமாவாசையும் மறுநாளும், பௌர்ணமியும் மறுநாளும் வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றார். அமாவாசைக்கு இறந்த அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கவேண்டும். பௌர்ணமிக்கு மனைவி முத்தாயி விரதம் இருப்பாள். மண்டோருக்கு மகா சந்தோஷம். நாலு ஞாயிறு கொடுத்து நாலு நாள் எடுக்கிறார், இதில் என்ன கெட்டுப்போகும்? அவரும் அமாவாசைக்கு மீன் தொடாதவர்தான்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அதை ஒட்டிய நாளிலும்தான் கடல் எல்லா நாளையும்விட உயரமாக ஏறும். சிராங்கூனில் மீட்டர் பார்த்தவருக்கும் அது தெரியவில்லை, மண்டோருக்கும் தெரியவில்லை. மீன்காரன் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் ஓடின. வேலாயுதத்தின் நோட்டில் அந்த நாட்களுக்கு நேரே ‘ஆள் இல்லை’ என்று சுத்தமாக எழுதியிருக்கும். சில தரம் வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது மேடைப் பலகை ஈரமாக இருந்தது. மழை என்று நினைத்தார். மேடையில் விட்டுப்போன செருப்பு இரண்டு தரம் காணாமல் போனது. பாக்காவ் காட்டுக் குரங்குகளை வண்டை வண்டையாகத் திட்டிவிட்டு மூன்றாவது ஜோடி வாங்கினார்.

1963 ஏப்ரலில் மறுபடியும் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. இந்தத் தரம் அது முடிவதாகவே தெரியவில்லை. பஃபலோ ரோட்டில் வேலாயுதமும் முத்தாயியும் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே ஒரே குழாய், ஒன்பது குடித்தனம். குழாய் மூடுகிற நாட்களில் முத்தாயி விடிவதற்கு முன்னால் வாளியோடு இறங்கி, சண்டை போட்டு, இரண்டு வாளி கொண்டுவருவாள். அவர் வீட்டுக்கு வருகிற நாட்களில் அவளுடைய எரிச்சலும் அந்த வாளிகளோடு மாடி ஏறும்.

“ரெண்டு வருஷமா ஏரி வருது, ஏரி வருதுன்னு சொல்றீங்க. எங்க வருது? பஸ்ஸுல வருதா?”

“ரிப்போர்ட் போகணும். அப்புறம்தான் கரை கட்டுவாங்க.”

“அந்தக் கம்பத்தைப் பாத்துப் பாத்து எழுதுறதுக்குப் பதிலா ஒரு வாளி மொண்டுக்கிட்டு வந்திருந்தா, இந்நேரம் இங்க ஏரி ஆயிருக்கும்.”

ஆனால் ஒரு நல்ல சேதியும் இருந்தது. டிசம்பர் கடைசியில் அறிக்கை மேலே போகிறது. அது போனதும், ஜனவரியில், வேலாயுதத்தின் பெயர் நாள்கூலியிலிருந்து நிரந்தரப் பட்டியலுக்கு மாறும். நிரந்தரமானவர்களுக்கு அரசாங்கக் குடியிருப்பு உண்டு. தனிக் குழாய் வைத்த குடியிருப்பு. முத்தாயி அந்தக் குழாயை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் திருகவேண்டும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள்.

தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. அன்று குழாய் மூடல். தீபாவளி எண்ணெய்க் குளியலிலேயே சேர்த்துவைத்த தண்ணீரெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. தலைக்குக் குளிக்காமல் எள்ளும் தண்ணீரும் எப்படி இறைப்பது என்று வேலாயுதம் வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முத்தாயி பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு தூக்குச் சட்டியில் சோறு, சாம்பார், வாழைக்காய்க் கறி எல்லாவற்றையும் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

“ஆத்துல வேலை பாக்குற மனுசன் குளிக்கத் தண்ணி இல்லைன்னு இங்க குந்தியிருக்காரு. கிளம்புங்க. உங்கப்பாவுக்கு ஆத்துலயே குடுங்க. அவரு ஒண்ணும் பஃபலோ ரோடுதான் வேணும்னு கேக்கமாட்டாரு.”

புக்கிட் தீமா வழியாக இரண்டு பஸ் மாறி அவர் குடிசைக்கு வந்தபோது மணி பதினொன்றரை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. குளித்தார். மேடையில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தார். காக்கைக்கு ஓர் இலையில் சோறு வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவை நினைத்தார். காலில் சில்லென்று ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் சோற்று இலை தன்பாட்டுக்கு மேடையை விட்டுக் கிளம்பி ஜொகூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காக்கை பாக்காவ் கிளையில் உட்கார்ந்து அதைப் பார்த்தது.

மேடை முழுக்கத் தண்ணீர். கம்பத்தைப் பார்த்தார். பதினோரு அடி ஐந்து அங்குலம்.

அவர் முதலில் நினைத்தது செருப்பைத்தான். இரண்டு ஜோடி. பாவம் குரங்குகள்.

நோட்டில் அளவை எழுதினார். மறுநாளும் அங்கேயே இருந்து பார்த்தார். பதினோரு அடி ஏழு அங்குலம். பிறகு நோட்டை முதலிலிருந்து புரட்டினார். இரண்டு ஆண்டில் எத்தனை அமாவாசை, எத்தனை பௌர்ணமி? எல்லாவற்றுக்கும் நேரே ‘ஆள் இல்லை’. அவர் கையெழுத்துதான்.

கட்டப்போகிற கரையின் உயரம் பன்னிரண்டு அடி என்று உப்புச் சோதிக்கிறவர்கள் பேசிக்கொண்டது அவருக்குத் தெரியும். பதினோரு அடி ஏழு அங்குலத் தண்ணீருக்குப் பன்னிரண்டு அடிக் கரை! ஒரு மோட்டார் படகு வேகமாகப் போனால் போதும், அலை கரைமேல் ஏறிக் குதித்து ஏரிக்குள் விழும். மாதம் இரண்டு தரம் உப்புப் போட்ட ஏரி. அதற்குப் பிறகு சுங்கை ரம்பாய் என்று யாராவது வாயைத் திறந்தால் சிரிப்பார்கள்.

அதற்கடுத்த நாள் காலை அவர் நோட்டோடு நகரத்து அலுவலகத்துக்குப் போனார். அவருடைய தமிழ் நோட்டைப் பார்த்து இங்கிலீஷ் பாரத்தில் ஏற்றுகிறவர் கிராணி சாகுல் ஹமீது. கிராணி என்றால் எழுத்தர். முப்பது வயது, எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை, எதற்கும் கோபப்படாத மனிதர். அவர் கோபப்படாதது மற்றவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

“பாய், அமாவாசைக்குத் தண்ணி பதினொண்ணுக்கு மேல ஏறுது. இந்தா பாருங்க.”

சாகுல் ஹமீது நோட்டைப் பார்த்தார். “இது உங்க லீவு நாளாச்சே வேலாண்ணே.”

“ஆமா. அன்னிக்குத் தற்செயலாப் போனேன்.”

“லீவு நாள்ல பாத்தா அது அபிஷியல் இல்லண்ணே.”

“தண்ணி அபிஷியலாத்தானே பாய் ஏறுது?”

சாகுல் ஹமீது புன்னகைத்தார். வேலாயுதத்துக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. “சரி, இத்தனை நாளும் ‘ஆள் இல்லை’ன்னு நான் எழுதின இடத்துல நீங்க பாரத்துல என்ன போட்டீங்க?”

“ஆவரேஜ் போட்டேன்.”

“என்னது?”

“முந்தின நாளும் பிந்தின நாளும் கூட்டி, ரெண்டால வகுத்து, அதுக்கப்புறம் மாசக் கணக்கோட சமமா வர்ற மாதிரி கொஞ்சம் குறைச்சு. காலியா விட்டா மேல இருந்து திருப்பி அனுப்புறாங்கண்ணே. நான் எத்தனை தரம் திருப்பி அனுப்புறது? ரெண்டு வருசமா ஒரு தாள்கூடத் திரும்பி வரலை, தெரியுமா?” அவர் குரலில் உண்மையான பெருமை இருந்தது.

பன்னிரண்டு ஆண்டு மண்டோரோடு சண்டை போட்டு அவர் எழுத மறுத்த எண்களை, இங்கே ஒருவர் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்து அவருக்காக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அந்தத் தாளெல்லாம் குடுங்க.”

சாகுல் ஹமீது கோப்பை எடுத்துத் தள்ளினார். இருபத்துநாலு தாள்கள். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் தமிழில் ஒரு கையெழுத்து. வேலாயுதம். மாதா மாதம் சாகுல் ஹமீது நீட்டிய இடத்தில், இங்கிலீஷ்தானே என்று, மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே போட்டது. பார்க்காததை எழுதாத மனிதர், பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“மாத்தணும் பாய்.”

“மாத்தினா என்ன ஆகும் யோசிச்சீங்களா? இருபத்துநாலு தாள்ல பொய்க் கையெழுத்துன்னு ஆகும். எனக்கு வார்னிங். உங்களுக்கு ஜனவரி லிஸ்ட் போச்சு. பேசாம இருங்கண்ணே. எஞ்சினியர் ஐயாவே இந்த நம்பரைப் பாத்து ரொம்பக் குஷியா இருக்காரு.”

எஞ்சினியர் இராசநாயகம் அன்று அலுவலகத்தில் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் இருந்தார், ஆனால் கூட்டத்தில் இருந்தார். நாலாவது நாள் ‘நாள்கூலிக்காரர் நேரே வரக்கூடாது, மண்டோர் வழியாக வரவேண்டும்’ என்று பியூன் சொன்னான். மண்டோர் ‘தண்ணி விஷயம் கிராணி வழியாகப் போகணும்’ என்றார். கிராணி புன்னகைத்தார்.

இராசநாயகம் யாழ்ப்பாணத்துக்காரர், காத்தோங்கில் வீடு, வெள்ளி மாலை தவறாமல் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலுக்கு வருவார் என்று உப்புச் சோதிக்கிறவர்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வேலாயுதம் அங்கே போய், பூசை முடியும்வரை தூணோரம் நின்றார்.

“ஐயா, ரம்பாய்ல தண்ணி பதினோரு அடிக்கு மேல ஏறுதுங்க.”

“நீர் ஆர்?”

“அளவுக் கம்பத்து வேலாயுதம்ங்க.”

எஞ்சினியரின் முகம் மலர்ந்தது. “ஓ, நீர்தானோ! உம்மட அளவுகள் நல்ல ஒழுங்கு. நான் அதை வச்சு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறன், தெரியுமோ? வேற கழிமுகம் எல்லாத்திலையும் அமாவாசைக்குத் தண்ணி எழும்பும். ரம்பாயிலை மட்டும் எழும்பாது. ஏன் சொல்லும் பாப்பம்?”

“எழும்புதுங்க.”

“எழும்பாது.” அவர் உள்ளங்கையில் இருந்த விபூதியில் விரலால் ஆற்றின் வாயை வரைந்து காட்டினார். “இந்தா, இதிலை குறுகுது. பெரிய ஏற்றம் வந்து இந்த இடத்திலை இடறுப்பட்டு, உள்ளுக்கு வரேக்கை களைச்சுப்போகுது. விளங்குதோ?”

“களைக்கலீங்க ஐயா. என் சோத்தையே தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு.”

“சோறோ?”

“காக்காய்க்கு வெச்ச சோறு. அந்த நம்பரெல்லாம் பாத்து எழுதினது இல்லீங்க. நான் அன்னிக்கெல்லாம் லீவு. கிராணி கணக்குப் போட்டு நிரப்பினது.”

இராசநாயகம் கையில் வரைந்த ஆற்றைப் பார்த்தார். அழகான விளக்கம் அது. அதைக் காக்கைச் சோற்றுக்காக விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

“இது கோயில். இங்கை நிண்டு கந்தோர்க் கதை வேண்டாம். திங்கக்கிழமை கந்தோருக்கு வந்து சாகுல் ஹமீதிட்டச் சொல்லும்,” என்று விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டு நடந்தார். ஆறும் அதோடு போனது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வேலாயுதம் எல்லாவற்றையும் முத்தாயியிடம் சொன்னார். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

“சொல்லாம விட்டா குழாய் வரும். சொன்னா வராது. அதானே?”

“அதான்.”

“கரை கட்டி, உப்புத் தண்ணி உள்ள வந்து, அந்த ஏரித் தண்ணி நம்ம புதுக் குழாய்லயும் வரும்ல?”

“கலந்துதான் வரும்.”

“அப்ப அந்தக் குழாயை வச்சு நான் என்ன பண்றது? கருவாடு ஊறப்போடவா?” அவள் தட்டை நகர்த்தினாள். “அந்தப் பாழாப்போன கையெழுத்தை என்னான்னு கேட்டுப் போட்டிருந்தா இந்தக் கதையே இல்ல. ரெண்டு வருஷம்! ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

“கேக்கலை.”

“இனிமே கேக்காம போடாதீங்க.”

அவள் ஆற்றாமையில் சொன்னதுதான். ஆனால் வேலாயுதத்துக்கு வழி கிடைத்துவிட்டது.

டிசம்பர் இரண்டாம் வாரம், வேலாயுதம் வீட்டுக்கு வந்திருந்த நேரம் பார்த்து, சாகுல் ஹமீது கடைசித் தாளோடு பஃபலோ ரோட்டுக்கே வந்தார். அறிக்கையை மூட அந்த ஒரு தாளும், அதன் அடியில் ஒரு கையெழுத்தும்தான் பாக்கி. மாடிப்படி ஏறி வந்ததில் இஸ்திரி கலைந்திருந்தது.

“வேலாண்ணே, இந்த இடத்துல.”

“படிச்சுச் சொல்லுங்க பாய்.”

“எதை?”

“எல்லாத்தையும். தேதி தேதியா.”

சாகுல் ஹமீது படித்தார். டிசம்பர் நடுவில் வரப்போகிற அமாவாசைக்கும் அதில் எண் இருந்தது. அந்த நாள் இன்னும் வரவே இல்லை.

“பாய், நாளன்னிக்கு ஏறப்போற தண்ணியையும் பாத்துட்டீங்களா?”

முதல்முறையாகச் சாகுல் ஹமீதின் முகம் சிவந்தது. “ரிப்போர்ட் இருபதாம் தேதி போகணும்ணே. நான் என்ன செய்றது?”

“அமாவாசைக்கு மத்தியானம் ரம்பாய்க்கு வாங்க. எஞ்சினியர் ஐயாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. தண்ணியைப் பாத்துட்டு அங்கேயே கையெழுத்துப் போடுறேன். இங்க போடமாட்டேன்.”

“லிஸ்ட்டுல உங்க பேரு இருக்குண்ணே. நான் என் கண்ணால பாத்தேன்.”

“நீங்க பாத்ததா, ஆவரேஜா?” என்றாள் உள்ளே இருந்து முத்தாயி.

அமாவாசையன்று பதினொன்றரை மணிக்குச் செம்மண் பாதையில் ஒரு கார் வந்து நின்றது. இராசநாயகம் இறங்கினார். முகத்தில் கடுகடுப்பு. ஒரு நாள்கூலிக்காரர் கையெழுத்துக்காகப் பதினைந்து மைல் வந்த கடுகடுப்பு. பின்னால் சாகுல் ஹமீது, பளபளவென்று துடைத்த தோல் சப்பாத்தோடு. வேலாயுதம் இருவரையும் மேடைக்கு அழைத்தார். தண்ணீர் பலகைக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

“எங்கை காணும் உம்மட பதினோரு அடி?” என்றார் இராசநாயகம்.

“கொஞ்சம் பொறுங்க. இன்னும் ஏறுது.”

பொறுத்தார்கள். கொசு கடித்தது. எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். பலகை இடுக்கில் முதலில் குமிழி வந்தது. பிறகு தண்ணீர் மெதுவாக, சத்தமில்லாமல் மேலே பரவியது. சாகுல் ஹமீது ஒரு காலைத் தூக்கினார், பிறகு மற்றக் காலைத் தூக்கினார், இரண்டையும் சேர்த்துத் தூக்க வழியில்லாமல் நின்றார். இராசநாயகம் நகரவில்லை. கணுக்காலைத் தாண்டி ஏறுகிற தண்ணீரைக் கால்சட்டை நனைய நனையப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு?” என்று கேட்டார்.

“நீங்களே பாருங்க ஐயா. நான் சொன்னா லீவு நாளு.”

எஞ்சினியர் குனிந்து பார்த்தார். பதினோரு அடி ஒன்பது அங்குலம். வேலாயுதத்தின் நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ‘ஆள் இல்லை’, ‘ஆள் இல்லை’ என்று வருகிற இடங்களில் விரல் நின்று நின்று போனது.

“இதை இப்பிடியே எழுதித்தானே வச்சிருக்கிறீர். பிறகு ஏன் அந்தத் தாளிலை கையெழுத்துப் போட்டனீர்?”

“பாக்காம போட்டுட்டேன் ஐயா. என் தப்புதான்.”

இராசநாயகம் சாகுல் ஹமீதிடமிருந்து கடைசித் தாளை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்தார். “அறிக்கை போகாது. பன்னிரண்டடிக் கரை காணாது. எவ்வளவு வேணும் எண்டு சொல்ல ஒரு நாள் அளவும் காணாது. இன்னும் ஒரு வருஷம் பாக்கவேணும். ஒரு அமாவாசை, ஒரு பூரணை விடாமல்.” காரை நோக்கி நடந்தவர் திரும்பினார். “நீர்தான் பாக்கவேணும். வேற ஆரை நம்புறது?”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று வேலாயுதத்துக்குத் தெரியவில்லை. ஜனவரிப் பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. இருபத்துநாலு தாள்களில் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது காரணம் என்று கடிதம் சொன்னது. சாகுல் ஹமீதுக்கு எச்சரிக்கையோடு மாற்றல். மாற்றிய இடம் மீட்டர் பிரிவு. மண்டோருக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது.

ஆக, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது இனிமேல் கம்பத்தடியில்தான் என்றாயிற்று. மேடையை மூன்றடி உயர்த்திக் கட்டினார்கள். அமாவாசை தோறும் முத்தாயி தூக்குச் சட்டியோடு இரண்டு பஸ் மாறி, இரண்டு மைல் நடந்து வந்தாள். வருகிற வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தாள் என்பது அவள் வந்து சேரும்போது மூச்சு வாங்குவதிலேயே தெரியும்.

“குழாய் கேட்டேன். கடலைக் குடுத்துட்டாங்க,” என்று ஒருநாள் சட்டியை வைத்தாள். ஆனால் தண்ணீர் உச்சிக்கு வந்தபோது கம்பத்தை முதலில் பார்த்து, “பதினொண்ணு பத்து” என்று சொன்னதும் அவள்தான்.

“நானும் பாக்கணும்,” என்று வேலாயுதம் எழுந்து வந்து பார்த்த பிறகே எழுதினார். அவளுக்கு அதற்கும் கோபம்.

அந்த ஒரு வருடத்து அளவுகள் 1964 டிசம்பரோடு முடிந்தன. புதுக் கிராணி பரீதா, பள்ளிப் படிப்பு முடித்து நேரே வேலைக்கு வந்த பெண், பன்னிரண்டு தாள்களையும் தட்டச்சு செய்து வைத்து வேலாயுதத்தை வரச்சொன்னாள். நிரந்தரப் பட்டியலில் சேர்க்கலாம் என்று எஞ்சினியர் எழுதிய குறிப்பும் அதே கோப்பில் இருந்தது. தாள்களில் கையெழுத்து விழுந்ததும் இரண்டும் சேர்ந்து மேலே போகும்.

“இங்க சைன் பண்ணுங்க அங்கிள்.”

“படிச்சுச் சொல்லும்மா.”

“எந்தப் பேஜ்?”

“முதல்ல இருந்து.”

பரீதா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் படிக்கத் தொடங்கினாள். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணுக்கும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். ஜனவரி முடிய முக்கால் மணி நேரம் ஆனது. மார்ச்சில் அவளுக்குத் தொண்டை கட்டியது. தேநீர் வாங்கிக்கொடுத்தார். ஜூலையில் ஓரிடத்தில் அவள் தயங்கினாள்.

“அங்கிள், ஜூலை பதினொண்ணுல நம்பர் இல்ல. நீங்க அதுல என்னமோ எழுதியிருந்தீங்க. அதையே இங்கிலீஷ்ல டைப் பண்ணிட்டேன். பிளாங்க்கா இருந்தா மேல திருப்பி அனுப்புவாங்களாம்லா, ஆபீஸ்ல சொன்னாங்க. ஏதாவது போடவா?”

ஜூலையில் அவருக்குக் காய்ச்சல். முத்தாயி போர்வையை இழுத்துப் பிடித்துப் படுக்கவைத்த ஒரே நாள் அது.

“என்னம்மா டைப் பண்ணியிருக்கே?”

“ஆள் இல்லைன்னு.”

“அப்படியே இருக்கட்டும். அடுத்தது படி.”

பரீதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால். இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு, ஜூலை பன்னிரண்டு என்று தொடங்கினாள்.